கேள்விக்காரர்களின் முதல் சாவு

எங்கள் மார்க்கத்தில் அதுவரை யாரும் செத்ததில்லை. சாகாவரம் வாங்கிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மார்க்கம் புதுசு, அவ்வளவுதான். அதைத் தொடங்கிய டிரைவிங் மாஸ்டரே இன்னும் தினமும் காலையில் கிளட்ச்சை எப்படி மிதிப்பது என்று யாரிடமாவது தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறார். பழைய மதங்களைத் தொடங்கியவர்களைப் படத்தில்தான் பார்க்க முடியும். எங்கள் ஸ்தாபகருக்கு ஜலதோஷம் பிடித்தபோது நான் வெந்நீர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூக்குச் சிந்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு ஒருவரை மகான் என்று கும்பிடுவது கொஞ்சம் சிரமம். ஆனால் நம்புவதற்கு அது தடையாக இருக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் முதன்முதலாகப் படுக்கையில் விழுந்தவர் என் வீட்டுக்காரர்.

எங்களுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கீழே கடை, மேலே வீடு. அவர் கண்ணைச் சோதித்து லென்ஸ் தேய்ப்பார். நான் அதை ஃபிரேமில் பொருத்தி, காதில் மாட்டும் கால்களைச் சூடுகாட்டி வளைத்து, மூக்கில் அழுத்தாமல் உட்காருகிறதா என்று பார்த்துக் கொடுப்பேன். குழந்தை குட்டி இல்லை. நாள் முழுக்க அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, அலுக்காமல் கேட்பார். சிலர் தெரியாத எழுத்தைத் தெரிந்த மாதிரி படிப்பார்கள். சிலர் முன்னால் வந்தவர் படித்ததைக் காதில் வாங்கி மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். கண்ணாடிக் கடையில் பாஸ் மார்க் வாங்கி என்ன செய்யப்போகிறார்களோ. அவருக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். தெரியலை என்று வாய்விட்டுச் சொல்கிறவனுக்குத்தான் சரியான கண்ணாடி கொடுக்க முடியும் என்பார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் டிரைவிங் மாஸ்டர் கண்ணாடி போட வந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அவர் தன் வகுப்பறையில் வார விடுமுறையன்று சிலரை உட்காரவைத்து ஒரு விஷயம் செய்துகொண்டிருந்தார். வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் இன்னொருவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் தனக்கு உண்மையிலேயே தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். கேட்கப்பட்டவர் மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தெரியலை என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பிரார்த்தனை கிடையாது, படம் கிடையாது, புத்தகம் கிடையாது. சுவரில் சாலைக் குறியீடுகள் மட்டும் இருந்தன. 'முந்திச் செல்லாதே' என்ற பலகைக்குக் கீழேதான் எங்கள் ஆன்மிகம் நடந்தது. தெருவில் எங்களைக் கேள்விக்காரர்கள் என்பார்கள். நாங்களும் வேறு பெயர் வைத்துக்கொள்ளவில்லை.

சடங்கே கிடையாது என்றுதான் மாஸ்டர் தொடங்கினார். ஆனால் கேள்வி கேட்பதற்கு முன் தன் முழங்காலை ஒரு தட்டுத் தட்டுவது அவர் வழக்கம். ஓட்டக் கற்கிறவர்கள் அசந்துபோனால் வண்டிக்குள் தட்டித் தட்டி வந்த பழக்கம் அது. கொஞ்ச நாளில் எல்லோரும் முழங்காலைத் தட்ட ஆரம்பித்தார்கள். புதிதாக வந்த ஒருவர் தட்டாமல் கேட்டுவிட்டார் என்று எங்கள் கூட்டத்து ஜெராக்ஸ் கடை அக்கா முகத்தைச் சுளித்தாள். மாஸ்டருக்கு இது தெரிந்ததும் பதறிப்போய், தட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டார். தட்டாமலே கேட்கும் நிலைக்கு மாஸ்டர் போய்விட்டார் என்று அதற்கும் ஒரு பேச்சு கிளம்பியது. அதற்கு மேல் அந்த மனுஷன் என்னதான் செய்வார்?

என் வீட்டுக்காரர் பழைய மதத்தை விட்டு இதில் சேர்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பெரிய சண்டை போட்டுவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இனிமேல் வழிபாட்டுக்குப் பெரிய கூடத்துக்குப் போகப்போவதில்லை, மாஸ்டர் கூட்டத்துக்குத்தான் போகப்போகிறேன் என்றார். சாப்பாடு போடு என்று சொல்கிற அதே குரல். அடுத்த வார விடுமுறைக்கு அவர் செருப்பை மாட்டியபோது நானும் மாட்டினேன். அத்தோடு என் அக்கா தங்கைகள் வீட்டு விசேஷங்களுக்கு எனக்கு அழைப்பு நின்றது. என் அம்மா செத்தபோது தலைமாட்டில் நிற்கும் உரிமை எனக்கு இல்லை என்றார்கள். வாசல்படிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அது போகட்டும். எனக்குள் தைத்துக்கொண்டிருந்த முள் வேறு. கேள்வி கேட்பதையே மார்க்கமாக எடுத்துக்கொண்ட மனுஷன், கட்டின பெண்டாட்டியிடம் 'நீயும் வர்றியா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிழல் கூட வராமலா போகும் என்று நினைத்துவிட்டாரா, அல்லது நான் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒன்றுதானா? வட்டத்தில் கேட்டுவிடலாம் என்றால், புருஷன் பெண்டாட்டி ஒருவரையொருவர் கேட்கக் கூடாது என்று மாஸ்டரின் மனைவி ஒரு விதி போட்டுவைத்திருந்தாள். தம்பதிகள் கேட்பது கேள்வியே இல்லை, குத்திக்காட்டுவது என்பாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் நான் கேட்காமலே இத்தனை காலத்தையும் ஓட்டிவிட்டேன்.

ஈரல் கெட்டுப்போய், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மாடிக் கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டோம். தெருவில் போகிறவர்களின் முகத்தைப் பார்த்து, அவனுக்கு ஃபிரேம் பெரிசு, இவளுக்குத் தூரப்பார்வை போயாச்சு என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். கடையை நான் காலையில் மட்டும் திறந்தேன்.

அவர் அண்ணனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். சண்டைக்குப் பிறகு எங்கள் படி ஏறாதவர், உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டதும் ஏறி வந்தார். தண்ணீர் பம்பு நிலையத்தில் மோட்டார் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி வளர்ந்த குரல் அவருக்கு. பழைய மதத்தில் ஒருவர் போகும் நேரத்தில் தலைமாட்டில் நின்று கடைசி வாசகம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் யார் வீட்டில் ஆள் கிடந்தாலும் பெரியத்தானைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தத் தம்பிக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் வந்தார். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடைசியில் அதைக் கேட்டும் விட்டார்.

"வேண்டாம்ணா. நான் எங்க முறைப்படியே போறேன்" என்றார் இவர்.

பெரியத்தான் முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து படியிறங்கிப் போனார். அவர் போன பிறகு, நம்ம முறை என்றால் என்னதென்று நான் கேட்டேன். இவர், தெரியலை, மாஸ்டரைக் கேளு என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தால் வயிறு வலிக்கும். வலித்தாலும் சிரித்தார்.

மாஸ்டருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் வகுப்பறையில் அதுதான் பேச்சு. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார் ஒருவர். அதை நர்ஸே செய்வாளே என்றாள் ஜெராக்ஸ் அக்கா. ஏதாவது சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். எதைச் சொன்னாலும் அது பிரார்த்தனையாகிவிடும் என்று மாஸ்டர் பயந்தார். கடைசியில் நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே, அதையே செய்வோம் என்று முடிவாயிற்று. ஒவ்வொருவரும் வந்து அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் பதில் சொல்வார். அதுவே வழியனுப்பு.

சாகக் கிடக்கிறவனைப் போய்க் கேள்வி கேட்பதா என்று அக்கம்பக்கத்தில் மூக்கில் விரல் வைத்தார்கள். இவருக்கோ அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஜெராக்ஸ் அக்கா பயமா இருக்கா என்று கேட்டாள். ராத்திரியில் இருக்கு, பகலில் பசிதான் இருக்கு என்றார். மாஸ்டர், தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்த லட்சணம் எப்படி என்று கேட்டார். மோசம், உங்கள் கத்தலுக்குப் பயந்தே நான் இன்னும் ரிவர்ஸ் எடுப்பதில்லை என்றார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு பதிலை வாங்கிக்கொண்டார். பதிலுக்குப் பதில் பேசக் கூடாது என்பதுதானே விதி. அந்த நாட்களில் வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. என் முறையை மட்டும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

தம்பதி விதியை எனக்காகத் தளர்த்தியிருந்தார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். 'அன்னைக்கு ஏன் என்னைக் கேட்கலை?' அவ்வளவுதான் கேள்வி. உடம்பைத் துடைத்துவிடும்போது கேட்கலாம் என்று நினைப்பேன். துடைத்து முடித்துத் துண்டைக் காயப்போட்டுவிடுவேன். கஞ்சி கொடுக்கும்போது கேட்கலாம் என்று நினைப்பேன். அவர் விழுங்குவதற்குப் படும் பாட்டைப் பார்த்ததும் வாய் வராது. உண்மையைச் சொல்லப்போனால், பதிலுக்குத்தான் பயந்தேன். எங்கள் மார்க்கத்தில் சமாதானத்துக்காகப் பொய் சொல்ல மாட்டார்கள். தோணவே இல்லை என்று சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை நான் எங்கே கொண்டு போவது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிடப் போனபோது அவர் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் 'ம்' கூட இல்லை. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லியனுப்பினேன். மாஸ்டரும் ஜெராக்ஸ் அக்காவும் வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்று தாண்டாது, பேச்சு இனி வராது, உறவுக்காரர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள் என்று இறங்கிப் போனார். நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

பதில் சொல்ல முடியாதவரிடம் கேட்டால் அது கேள்வி இல்லை, வெறும் பேச்சு. இது மாஸ்டர் ஆரம்ப நாளிலேயே சொன்னது. செத்தவர்களைக் கூப்பிட்டு ஏன் போனாய் என்று ஒப்பாரி வைப்பதை அவர் அப்படித்தான் கிண்டல் செய்வார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறோம். இப்போது அந்த விதி என் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றது. இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று மாஸ்டரைக் கேட்டேன்.

"இதுக்கு மேல நம்மகிட்ட ஒண்ணும் இல்ல தங்கச்சி" என்றார் அவர். "நான் இவ்வளவு தூரம் யோசிக்கலை."

எனக்கு ஆத்திரமாக வந்தது. பழைய மதத்தை எவ்வளவு நக்கலடித்திருப்போம். புரியாத வாசகம், காரணம் தெரியாத வழக்கம், மூத்தவர்களின் அதிகாரம் என்று எவ்வளவு பேசியிருப்போம். ஆனால் அது தலைமுறை தலைமுறையாக இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பழகியது. யார் எங்கே நிற்க வேண்டும், யார் வாயில் தண்ணீர் விட வேண்டும், அழுகிறவளை யார் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அத்துபடி. நினைவிருக்கிறதா, காது கேட்கிறதா, நம்புகிறானா என்று அது யாரையும் கேட்காது. எங்கள் மார்க்கம் மனுஷன் பேசுகிறவரைக்கும்தான் கூட வந்தது. புது வீட்டுக்கு முன்வாசலைக் கட்டிவிட்டு, பின்வாசலைக் கட்ட மறந்த மாதிரி இருந்தது எனக்கு.

படியில் கனத்த காலடி கேட்டது. பெரியத்தான். யாரும் சொல்லிவிடாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. தலையில் துணி கட்டி, வாசகம் சொல்லப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டு வந்திருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டார்.

"நான் சொல்லட்டுமாம்மா?" என்றார்.

சரி என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் ஒழுங்காகியிருக்கும். எனக்கும் அதைக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. நாங்கள் வேண்டாம் என்று விட்டு வந்தது, ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான். ஆனால் இவர் தன் வாயால் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பேச முடியாதவன் சொன்னதை மாற்றுவது ரொம்பச் சுலபம், அதனாலேயே மாற்றக் கூடாது. நான் பெரியத்தானை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். எதிரே உட்கார்ந்தேன். என்னை அறியாமல் என் கை முழங்காலைத் தட்டிவிட்டது.

"அவர் வேண்டாம்னு சொல்லிட்டார். அப்புறமும் ஏன் சொல்லணும்னு நினைக்கிறீங்க? நிஜமாவே எனக்குத் தெரியலை, அதான் கேட்கிறேன்."

பம்பு ஹவுஸ் குரலில் ஒரு சத்தம் போடுவார் என்றுதான் நினைத்தேன். ஜெராக்ஸ் அக்காவும் சுவரோரம் நகர்ந்துகொண்டாள். பெரியத்தான் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியலைம்மா" என்றார்.

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். எங்கள் வட்டத்தில் இந்த வார்த்தைக்கு இருக்கும் மரியாதை பெரியத்தானுக்குத் தெரியாது. அவர் தன் போக்கில் பேசினார். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் காதில் விழுந்ததா, போன இடத்தில் அது உதவியதா, ஒன்றும் தெரியாது என்றார். சொல்லிவிட்டு வந்தால் எனக்கு அன்று தூக்கம் வரும், இவனுக்குச் சொல்லாவிட்டால் வராது என்றார். இவனுக்காக என்று நினைத்துத்தான் படியேறினேன், எனக்காகத்தான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு கேள்விக்கு மேல் கேட்பது எங்கள் வழக்கமில்லை. ஆனால் இவரிடம் கேட்க முடியாததைத் தெரிந்தவர் பெரியத்தான் ஒருவர்தானே. அன்று நீங்கள் இருவரும் எதற்காக அப்படிச் சண்டை போட்டீர்கள் என்று கேட்டேன். கடவுளுக்காக, முன்னோர் வழிக்காக என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"கடவுளைப் பத்தி ஒரு வார்த்தை பேசலைம்மா. உன்னைப் பத்தித்தான் பேசினோம்" என்றார் பெரியத்தான். "போறதுன்னா போடா, அவளைக் கேட்டியான்னு கேட்டேன். கேட்கலைன்னான். கேட்டா வரலைன்னு சொல்லிடுவா, அவ வரலைன்னா எனக்குப் போகத் தெம்பு இருக்காதுண்ணா, அதனால கேட்காமலே போறேன்னான். எனக்கு வந்தது பாரு கோபம். பொண்டாட்டியைக் கேட்கப் பயப்படுறவனுக்கு எதுக்குடா கேள்வி மதம்னு கையை ஓங்கிட்டேன்."



முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கோழை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் கேட்டுவிட்டு என்னைக் கேட்கப் பயந்த கோழை. என் அம்மாவை வாசல்படிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்த அன்றுகூட இதைச் சொல்லவில்லையே. அப்புறம் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது, ஜெராக்ஸ் அக்கா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே அவள் அதைச் செய்தாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பெரியத்தானிடம் சொன்னேன். அவருக்காகச் சொல்ல வேண்டாம், அதை அவர் மறுத்துவிட்டார். உங்களுக்காகச் சொல்லிக்கொள்ளுங்கள். தலைமாட்டில் வேண்டாம், ஜன்னல் பக்கம் நின்று சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்து போனார். துணியை மறுபடி தலையில் கட்டவில்லை. தெருவைப் பார்த்து நின்று ஆரம்பித்தார். அந்தக் குரல் இவ்வளவு மெதுவாகப் பேசும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பழைய மதத்தைக் கரித்துக்கொட்டிவிட்டு எங்களிடம் வந்த ஜெராக்ஸ் அக்காவின் உதடு, சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. மாஸ்டர் என் பக்கம் குனிந்து, இதற்கு என்ன அர்த்தம் என்று ரகசியமாகக் கேட்டார். எனக்கும் தெரியலை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தேன். இவரிடம் இனி எதையும் கேட்க முடியாது. அந்த விதி எனக்குச் சம்மதம்தான். ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று எங்கள் மார்க்கத்தில் யாரும் விதி போடவில்லை. போட்டிருந்தாலும் நான் மதித்திருக்கப்போவதில்லை. காதருகே குனிந்தேன். பொய் மட்டும் சொல்லக் கூடாது என்பது மனசில் இருந்தது.

"கேட்டிருந்தா வரலைன்னுதான் சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அப்புறம் வந்திருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், நான் குனிந்திருந்தது இடது காது. அந்தப் பக்கம் அவருக்குச் சரியாகக் கேட்காது. எழுந்து கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய், வலது காதில் இன்னொரு தடவை சொன்னேன்.